இழுப்பு நின்ன பிறகு உள்ள என்ன நடக்குது?

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்துமா இழுப்பு வந்து நீல இன்ஹேலரை ரெண்டு தடவை அடிச்சதும் மூச்சு லேசாயிடுது, சரியாயிடுச்சுன்னு பலர் அத்தோட விட்டுடறாங்க. ராத்திரி மறுபடியும் ஏன் இழுக்குதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஆஸ்துமாவுல எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போறதில்லை. பலருக்கு அது தேவையில்லாத ஆள்கிட்ட சண்டைக்கு நிக்குது. அதனால 'இம்யூனிட்டியை ஏத்துங்க'ன்னு விக்கற பொடிக்கு இங்க வேலையே இல்லைங்க.

வீட்டுத் தூசியில கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கு. அதோட கழிவுல இருக்கற புரதத்தைச் சிலரோட உடம்பு எதிரின்னு நினைச்சு, ஐஜிஇ-ங்கற ஆன்டிபாடியை (எதிரியை அடையாளம் பிடிக்கற புரதம்) தயார் பண்ணுது. அது மூச்சுக்குழாய்ச் சுவர்ல இருக்கற மாஸ்ட் செல்ங்கற எதிர்ப்பு செல் மேல போய் ஒட்டிக்கும். அப்போ ஒண்ணுமே தெரியாது. அடுத்த தடவை அதே புரதம் உள்ள போகும்போது, பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு ஐஜிஇ-யைச் சேர்த்துப் பிடிக்குது. உடனே மாஸ்ட் செல் ஹிஸ்டமின், லுக்கோட்ரையீன்ங்கற ரசாயனங்களைக் கொட்டுது. சில நிமிஷத்துல மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கற தசை இறுகி இழுப்பு வருது.

இது ஒன்றிரண்டு மணி நேரத்துல அடங்கலாம். ஆனா 4-லிருந்து 8 மணி நேரத்துல பலருக்கு ரெண்டாவது அலை வரும். இன்டர்லூக்கின்-5-ங்கற சேதி சொல்ற புரதம் கூப்பிட்டு, ஈசினோஃபில்ங்கற வெள்ளை அணுக்கள் வந்து குவியும், உள்தோல் புண்ணாகும், சுவர் வீங்கும். அதே வகைப் புரதமான இன்டர்லூக்கின்-13 சளியைக் கெட்டியா சுரக்க வைக்கும். நீல இன்ஹேலர்ல இருக்கற சால்பியூட்டமால் தசையைத்தான் தளர்த்தும், இந்த வீக்கத்தைத் தொடவே தொடாது. வீக்கத்தைக் குறைக்கறது இன்ஹேலர் ஸ்டீராய்டு. முழுப் பலன் தெரிய வாரக்கணக்குல ஆகும், அதனால நல்லா இருக்கற நாள்லயும் விடாம எடுக்கணும். 2019-லிருந்து ஜினாங்கற உலக ஆஸ்துமா அமைப்போட வழிகாட்டுதலும் பெரியவங்களுக்கு நீல இன்ஹேலர் மட்டும் போதாதுன்னுதான் சொல்லுது.

ஸ்டீராய்டுன்னதும் பயம் வேண்டாம். இன்ஹேலர் ஸ்டீராய்டுல ஒண்ணான பியூடசோனைடு, பெரியவங்களுக்குக் குறைந்த அளவுன்னா நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம், அதுவும் நேரா நுரையீரலுக்கே போகுது.

அடிக்கற முறைக்கு வருவோம். குலுக்குங்க, மூச்சை முழுசா வெளியே விடுங்க, வாயில வச்சு உதட்டை இறுக்கி மூடுங்க. மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்துங்க, 10 வினாடி அடக்குங்க. வாய் ஓரமா புகை மாதிரி வந்தா மருந்து வீணாப் போகுதுன்னு அர்த்தம், ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டற குழாய்) போட்டுக்கோங்க. ஸ்டீராய்டு இன்ஹேலர்னா முடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடணும், இல்லைன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை படரலாம்.

ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னாலோ உதடு நீலமானாலோ, நீல இன்ஹேலரை அடிச்சுக்கிட்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.