சிறுநீரகக் கட்டிக்குள் தசை எப்படி வந்தது?

[திரையில்: ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு ஸ்லைடு]

ஓரத்தில் குறுக்குவரி போட்ட மாதிரி நாலைந்து இழைகள் தெரிகிறதா? அது கை கால் தசையில் இருக்க வேண்டிய வரி. ஆனால் இந்த மாதிரி ஸ்லைடு வருவது சின்னக் குழந்தையின் சிறுநீரகக் கட்டியிலிருந்து.

பெயர் வில்ம்ஸ் கட்டி. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது இதுதான், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும், குளிப்பாட்டும்போது வயிறு ஒரு பக்கம் கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டுத்தான் பல வீடுகளில் தெரியவரும். ஜெர்மன் சர்ஜன் மாக்ஸ் வில்ம்ஸ் 1899-லேயே, உள்ளே கிடக்கும் தசை, குருத்தெலும்பு எல்லாம் கருவிலிருந்த ஒரே மூலத் திசுவின் பிள்ளைகள் என்று வாதாடினார். மைக்ரோஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு!

சரி, அந்த மூலத் திசு எது? பிளாஸ்டீமா. கருவில் சிறுநீரகத்தைக் கட்டுகிற செல்கள். கர்ப்பத்தின் 36-வது வாரம் வாக்கில் வேலை முடிந்து தீர்ந்துவிட வேண்டும். அதன்பின் புது நெஃப்ரான், அதாவது ரத்தத்தை வடிகட்டும் குட்டி அலகு, கிடையாது. சில குழந்தைகளுக்கு மட்டும் வேலையை முடிக்காத இந்தச் செல்கள் கொஞ்சம் மூலையில் மிஞ்சிவிடும். அநேகமாகத் தானாகவே மங்கிப் போய்விடும், ஒன்றிரண்டு மட்டும் வளர ஆரம்பிக்கும்.

[திரையில்: ஸ்லைடு பெரிதாகிறது]

இப்போது நடுவில் பாருங்கள். கேழ்வரகைக் கொட்டி வைத்த மாதிரி நெருக்கமாக, கருநீலமாக இருப்பது பிளாஸ்டீமா. பக்கத்தில் பாதியில் விட்ட குழாய்கள், ரத்தமே ஓடாத பொம்மை வடிகட்டிகள்: இது எபிதீலியம், குழாய்களுக்குச் சுவராகும் திசு. இரண்டுக்கும் இடையே தளர்வாக ஓடுவது ஸ்ட்ரோமா என்ற தாங்கு திசு, நம் தசை இழை முளைத்தது அதில்தான். கட்டி என்கிறோம், எனக்கென்னவோ மேஸ்திரி இல்லாமல் தொடர்ந்து நடக்கிற கட்டுமானம் மாதிரிதான் தெரிகிறது.

2019-இல் வந்த ஆய்வு இன்னும் பின்னால் போனது. சில குழந்தைகளுக்குக் கட்டியைச் சுற்றி, பார்வைக்கு நன்றாகவே இருக்கிற சிறுநீரகத்திலும் கட்டியில் இருக்கும் அதே மரபணு மாற்றங்கள் இருந்தன. அதாவது, கோளாறு கட்டிக்கு முன்பே, சிறுநீரகம் உருவாகும்போதே நுழைந்துவிட்டது.

இதெல்லாம் சிகிச்சைக்கு எதற்கு என்றால், ஐரோப்பிய முறையில் முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன். பிளாஸ்டீமா வேகமாகப் பெருகுவதால் கீமோவுக்குச் சட்டென்று சாகும், தசை அசையாது. அதனால் ஸ்கேனில் சுருங்காத கட்டியில் மிச்சமிருப்பது வெறும் தசையாக இருக்கலாம், அதற்கு அவ்வளவு பயமில்லை. கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தாலும், மிஞ்சியதில் பெரும்பகுதி அந்தக் கேழ்வரகு செல்களாக இருந்தால் மருந்தைக் கூட்டுவார்கள்.