தரவுத்தள மேலாண்மை அமைப்பு: அடிப்படைகள்

வணக்கம். ஒரு நூலகத்தின் விவரங்களைக் கணினியில் சேமிக்க, நூல்களுக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று, இரவல்களுக்கு ஒன்று என மூன்று கோப்புகள் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஓர் உறுப்பினரின் முகவரி இரண்டு கோப்புகளில் எழுதப்பட்டிருந்து, அவர் வீடு மாறியபின் ஒன்றில் மட்டும் திருத்தப்பட்டால், எது சரியான முகவரி என்று அந்தக் கோப்புகளைப் பார்த்துச் சொல்ல இயலாது. இருவர் ஒரே கோப்பை ஒரே வேளையில் திறந்து திருத்தினால், பின்னர் சேமித்தவரின் பதிவு முன்னவருடையதை அழித்துவிடும். இந்தச் சிக்கல்களை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே சமாளிக்காமல், ஓரிடத்தில் பொறுப்பேற்றுக்கொள்வதே தரவுத்தள மேலாண்மை அமைப்பு.

[திரையில்: மூன்று அட்டவணைகள், அவற்றை இணைக்கும் கோடுகள்]

1960-களின் அமைப்புகளில், தரவு எந்தப் பாதையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரலாளர் அறிந்திருந்தால்தான் அதைத் தேடி எடுக்க முடியும். அமைப்பை மாற்றினால் நிரலையும் மாற்றியாக வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தரவு முழுவதையும் அட்டவணைகளாகவே பயனருக்குக் காட்டலாம் என்று முன்மொழிந்தார். ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது முதன்மைச் சாவி. இரவல் அட்டவணையில் உறுப்பினரின் முகவரி இராது, அவருடைய எண் மட்டுமே, உறுப்பினர் அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டும் அயல் சாவியாக இருக்கும். இல்லாத உறுப்பினரின் பெயரில் இரவல் பதிய முயன்றால் அமைப்பே மறுத்துவிடும். தரவுத்தளத்திடம் தரவைக் கேட்டுப் பெறப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழியில் நாம் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம். எப்படி எடுப்பது என்பதை அமைப்பு முடிவு செய்கிறது.

அப்படி எடுப்பதற்குப் பெரும்பாலும் துணைநிற்பது பி-மர வகை இண்டெக்ஸ், அதாவது ஒரு பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும், மரம்போல் கிளை பிரியும் தேடல் பட்டியல். அதன் ஒரு பக்கத்திலிருந்து, அதாவது வட்டில் ஒரே தடவையில் படிக்கப்படும் ஒரு பகுதியிலிருந்து, 200 கிளைகள் பிரிந்தால், நான்கே நிலைகளில் 160 கோடிப் பதிவுகளை எட்டலாம். ஆயினும் ஒவ்வொரு புதிய பதிவின்போதும் இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருப்பதால், எல்லா நெடுவரிசைகளுக்கும் அதை உருவாக்குவது தவறு.

[திரையில்: இரவல் பதிவின் இரு படிகள், நடுவே மின்தடை]

என் பார்வையில், இந்த அமைப்புகளின் உண்மையான அருமை பரிவர்த்தனையில்தான் இருக்கிறது. ஒரு நூலை இரவல் தருவதென்றால், கையிருப்பில் ஒன்றைக் குறைக்க வேண்டும், இரவல் அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் மின்சாரம் நின்றுபோனால், நூல் யாரிடமும் இல்லாமல் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இவ்விரு வேலைகளையும் ஒரே பரிவர்த்தனையாக அறிவித்துவிட்டால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. இது சாத்தியமாவது எப்படி? தரவுப் பக்கத்தை வட்டில் மாற்றுவதற்கு முன்பே, என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, அது வட்டில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டதை அமைப்பு உறுதி செய்துகொள்கிறது. கணினி மீண்டும் இயங்கும்போது அந்தப் பதிவேட்டைப் படித்து, உறுதி செய்யப்பட்ட பரிவர்த்தனைகளை நிறைவேற்றுகிறது. பாதியில் நின்றவற்றின் விளைவுகளை நீக்குகிறது. பிழையின்போதும் பலர் ஒருங்கே இயங்கும்போதும் பரிவர்த்தனைகள் காக்க வேண்டிய அணுத்தன்மை, ஒத்திசைவு, தனிமைப்படுத்தல், நிலைத்தன்மை என்ற நான்கு பண்புகளுக்கு, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, ‘ஆசிட்’ என்ற பெயரை 1983-இல் தியோ ஹெர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் ஆகியோர் சூட்டினர்.

அந்த நான்கில், ஒரே வேளையில் நடக்கும் பரிவர்த்தனைகள் ஒன்றுக்கொன்று குறுக்கிடாமல் காக்கும் தனிமைப்படுத்தலை மட்டும் சற்று எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். கடைசிப் பிரதியை இரு உறுப்பினர்கள் ஒரே கணத்தில் கேட்கும்போது, இருவருடைய பரிவர்த்தனைகளும் ‘கையிருப்பு 1’ என்று படித்துவிட வாய்ப்புண்டு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற அமைப்புகள் இயல்பாக அமைத்துத் தரும் தனிமை நிலை மிகக் கடுமையான நிலை அன்று என்பதே காரணம். ஆகவே முதலில் படித்து, பிறகு கழித்து எழுதாமல், கையிருப்பு சுழியத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் ஒன்றைக் குறைக்கும்படி ஒரே கட்டளையாக எழுதுங்கள். எத்தனை வரிசைகள் மாறின என்று அமைப்பு திருப்பித் தரும் எண் சுழியமாக இருந்தால், இரவல் வரிசையைச் சேர்க்காமல் பரிவர்த்தனையை ரத்து செய்துவிடலாம்.