மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்ஸா? புளியங்கொட்டை சொல்லட்டும்!

வணக்கம், வணக்கம். கேக்குதா? இன்னைக்கு மைக் இல்ல, லைட் இல்ல, ஃபேன் இல்ல. காலையில ஒன்பது மணிக்கே மீ போயிருச்சு. ரங்கூன்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன், மீன்னா பர்மீஸ்ல கரண்ட். மேல டாங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. பேசிட்டிருக்கும்போதே கரண்ட் வந்துச்சுன்னா பாதியில எழுந்து ஓடிருவேன், மோட்டார் போடணும். கோச்சுக்கக் கூடாது. போன்ல 31 பர்சன்ட் இருக்கு, அதுக்குள்ள முடிச்சாகணும்.

செம கோபத்துல வந்திருக்கேன். முந்தாநாள் ஒரு அம்மா, நம்ம வீடியோ எல்லாம் பாக்கறவங்க, பையனோட நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. பத்து கணக்கு. மைனஸ் மூணுல நாலு கழிக்கணும், பையன் 7-ன்னு போட்டிருக்கான். −5 − 2, அதுக்கும் 7. −10 − 6-க்கு 16. பத்தும் தப்பு. ஆனா பத்தும் ஒரே மாதிரி தப்பு, அதுதான் விஷயம். கண்டபடி தப்புப் போடற பிள்ளைக்குக் கவனம் இல்லன்னு சொல்லலாம். ஒரே மாதிரி தப்புப் போடற பிள்ளை யாரோ சொன்னதை அப்படியே நம்பி, ஒழுங்கா செஞ்சிருக்கு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். எந்த டியூஷன்ல இப்படிச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேட்டு நீளமா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நல்லா திட்டித்தான் போட்டேன். அந்த அம்மா ரொம்பத் தன்மையா பதில் அனுப்பினாங்க, சயாமான்னா டீச்சர். "டியூஷன் எதுக்கும் போகல சயாமா. உங்க வீடியோ பாத்துத்தான் போட்டான்."

போய்ப் பாத்தேன். உண்மைதான். பழைய வீடியோ, பின்னால நீலத் திரைச்சீலை தொங்குமே, அந்தக் காலத்துது. முகப்புப் படத்துல கொட்டை எழுத்துல நானே போட்டு வெச்சிருக்கேன்: "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்!" பெருக்கும்போதுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கணும். போடல. எதுகை மோனை நல்லா இருக்குன்னு விட்டிருப்பேன். அந்த வீடியோவை நெட்லேர்ந்து நீக்கிட்டேன். இல்ல, பொய் சொல்லக் கூடாது, இன்னும் நீக்கல, அதுக்கும் நெட் வேணுமே. நீக்கிருவேன்.

சரி, புதுசா ஒழுங்கா ஒரு வீடியோ போடலாம்னு மார்க்கர் வாங்கப் போனேன். ஒரு மார்க்கர் 2500 கியாட், நம்ம பர்மா காசு! எனக்குச் செவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு வேணும், ரெண்டுக்கும் 5000. சரி போகட்டும்னு வாங்கி வந்தா, செவப்பு முதல் நாளே காஞ்சு போச்சு. மூடியை நான் சரியா மூடலையாம், எங்க அக்கா சொல்றா. மூடினேன். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கித்தான் மூடினேன். கடையில கொண்டு போய்க் காட்டினா எழுதிப் பாத்து வாங்கியிருக்கணும்னு சொல்றாங்க, எழுதிப் பாக்கறதுக்கு முன்னாடி அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விட்டாங்களா? அந்த 2500-ல மொஹிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டிருப்பேன். இனிமே நம்ம வீடியோல மார்க்கர் கிடையாது. முடிஞ்சு போச்சு.

அப்ப என்ன? இதோ. புளியங்கொட்டை. காசு இல்ல, காயறது இல்ல, கரண்ட் வேண்டாம். சமையலுக்குப் புளி கரைக்கறப்ப எடுத்து வெச்சது. ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் தோல் போக உரசினா வெள்ளையா வந்துரும், தாயம் ஆடறதுக்குத் தேய்ப்போமே, அதே மாதிரி. நேத்து சாயங்காலம் வாசப்படி சிமெண்டுல உக்காந்து 40 கொட்டை தேய்ச்சேன். நகக்கண் எரியுது. உரச உரச கொட்டை சுடுமா, அக்கா கையில வெச்சு அமுக்கிட்டேன். முப்பத்தஞ்சு வயசுல சூடுகொட்டை வெச்சதுக்கு அம்மாகிட்ட திட்டு வாங்கினது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறம் பேச்சு சுவாரசியத்துல ஆறு கொட்டையை ரெண்டு பக்கமும் தேய்ச்சுட்டேன். அதெல்லாம் வீண், ப்ளஸ்ஸும் இல்ல மைனஸும் இல்ல. மிச்சம் 34. ஆனா அழகா இருக்கில்ல? கிட்ட காட்டறேன் பாருங்க.

இப்ப பாடம். வெள்ளை முகம் தெரிஞ்சா ப்ளஸ் ஒண்ணு, மிகை எண், கையில இருக்கற காசு. கறுப்பு முகம் மைனஸ் ஒண்ணு, குறை எண், கடன். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் ஜோடி சேர்ந்தா சைபர், காசு கடனுக்கு சரியாப் போச்சு. இவ்வளவுதான் சட்டம்.

மைனஸ் மூணு. மூணு கறுப்பு வெச்சாச்சு. இதுல நாலு கழிக்கணும். கழித்தலுக்கு ஸ்கூல்ல பர்மீஸ்ல என்ன சொல்லுவீங்க? 'நொ'ன்னு கடைசியை முழுங்கிச் சொல்லுவோமே. பல்லைப் பிடுங்கறதுக்கும் அதே சொல்தான். கழிக்கறதுன்னா பிடுங்கறது! அது மனசுல இருந்தா போதும். இங்க நாலு வெள்ளையைப் பிடுங்கணும். வெள்ளையே இல்லையேம்பீங்க. சரி, நாலு ஜோடி கொண்டாந்து வைங்க. ஜோடி சைபர்தானே, வெச்சாலும் கணக்கு மாறாது. இப்ப நாலு வெள்ளையையும் பிடுங்குங்க. மிச்சம்? ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு கறுப்பு. மைனஸ் ஏழு. மொஹிங்கா கடையில முதல் நாள் 3000 கடன், மறுநாள் 4000 கடன். "ரெண்டு கடன் சேந்துருச்சு, இந்தாம்மா 7000"ன்னு கடைக்காரர் எடுத்துக் குடுப்பாரா?

இன்னொண்ணு, −3 − (−4). அதே மூணு கறுப்பு. இந்தத் தடவை நாலு கறுப்பைப் பிடுங்கணும். இருக்கறதே மூணு. ஒரே ஒரு ஜோடி கொண்டாங்க, நாலு கறுப்பு ஆச்சு, பிடுங்கு. ஒரு வெள்ளை நிக்குது. ப்ளஸ் ஒண்ணு. இங்கயும் ரெண்டு மைனஸ் பக்கத்துல பக்கத்துல நிக்குது பாருங்க, அந்தப் பையன் குழம்பினது இதாலயும்தான்.

அப்ப பெருக்கல்? அங்கதான் என் பாட்டு சரி. மைனஸ் மூணு தடவை மைனஸ் ரெண்டு. மூணு மூணா ரெண்டு வரிசை, ஆறு கொட்டை, எல்லாம் வெள்ளை முகம். ஒவ்வொரு மைனஸுக்கும் மொத்தத்தையும் ஒரு தடவை புரட்டணும். ஒண்ணாவது மைனஸ், புரட்டு, எல்லாம் கறுப்பு. ரெண்டாவது மைனஸ், புரட்டு... வெள்ளை. ப்ளஸ் ஆறு. மார்க்கர்ல இது வருமா? பேப்பர்ல எழுதின மைனஸைப் புரட்டிக் காட்ட முடியுமா? கொட்டைதான் காட்டும்.

இதை நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. 628-லயே இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் மிகைக்குத் தனம்னும் குறைக்குக் கடன்னும் பேர் வெச்சு சூத்திரமா எழுதிட்டாரு. ரெண்டு கடனைக் கூட்டினா கடன். ரெண்டு கடனைப் பெருக்கினா தனம். கூட்டல் தனி, பெருக்கல் தனின்னு அந்த மனுஷன் அன்னைக்கே பிரிச்சுச் சொல்லியிருக்காரு, நான் முகப்புப் படத்துல விட்டுட்டேன். பற்று வரவு தெரியாத ஊரா இது? வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியாருங்க, நம்ம ரங்கூன் மொகல் தெருவுல பேரேடு போட்ட ஊரு. 1930கள்ல நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாம எத்தனை பேரோட வயல் கைமாறிப் போச்சு. குறை எண்ணை இங்க விளையாட்டா நினைக்க முடியாது.

காசுன்னதும் ஞாபகம் வருது, பழைய நோட்டு வீடியோல ஒண்ணு விட்டுட்டேன், நிறைய பேர் கேட்டீங்க. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க. அதே மாசம் புதுசா வந்ததுதான் 45-உம் 90-உம். அப்ப நாட்டை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பதுதான் ராசி எண், அதனால ரெண்டுமே ஒன்பதால வகுபடும். 4-உம் 5-உம் 9, 9-உம் 0-உம் 9. தாத்தா கடையில அம்மா அப்ப கல்லாவுல உக்காருவாங்களாம். 52 கியாட்டுக்குச் சாமான் வாங்கிட்டு 90 நோட்டை நீட்டினா மிச்சம் 38, அதுக்கு 15 ரெண்டு, 5 ஒண்ணு, 1 மூணு. கால்குலேட்டர் இல்லாம டக்கு டக்குன்னு எண்ணிக் குடுப்பாங்களாம். இப்பவும் மனக்கணக்குல அம்மாவை ஜெயிக்க முடியல. அது போகட்டும், சார்ஜ் 19.

எங்க விட்டேன்? ஆங், மைனஸ் பாடம். அடுத்தது எக்ஸ், இயற்கணிதம். பர்மீஸ்ல இதுக்கு 'எக்கயா திஞ்சா'. எக்கயான்னா அட்சரம், எழுத்து. இலங்கைத் தமிழ்லயும் அட்சரகணிதம்னு சொல்றாங்களாம், அவங்களும் நம்ம ஸ்கூலும் ஒரே பேர் வெச்சிருக்கோம். எனக்கு இந்தப் பேர்தான் பிடிக்கும். ஆனா பிள்ளைங்க எழுத்தைப் பாத்ததும் பயப்படுது, அதனால டப்பா. பகான் ஊர்ல வாங்கின அரக்கு டப்பா ரெண்டு, பெரியம்மாவுது, கேக்காமத்தான் எடுத்து வந்தேன். உள்ள எத்தனை கொட்டைன்னு தெரியாது. ரெண்டுலயும் ஒரே அளவுதான் இருக்கும். அந்தத் தெரியாத அளவுதான் எக்ஸ்.

ரெண்டு டப்பாவும் மூணு வெள்ளையும் சேர்ந்து பதினொண்ணுக்குச் சமம். 2x + 3 = 11. ரெண்டு பக்கமும் மூணு எடு, ரெண்டு டப்பாவுக்கு எட்டு, ஒண்ணுக்கு நாலு. இது எல்லாருக்கும் வரும். அடுத்ததுதான் எனக்குப் பிடிச்சது. 2x + 7 = 1. நேத்து ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல இதை எங்க அக்கா மகனுக்கு வெச்சேன். "ஏழு சேர்த்தும் ஒண்ணுதான் வருதா? சித்தி, கணக்கு தப்பு"ன்னான். ரெண்டு பக்கமும் ஏழு கறுப்பைப் போடச் சொன்னேன். இடது பக்கம் ஏழு ஜோடி, சைபர், அள்ளிடு. வலது பக்கம் ஒரு வெள்ளை ஒரு கறுப்போட போச்சு, மிச்சம் ஆறு கறுப்பு. ரெண்டு டப்பாவுக்கு ஆறு கறுப்பு. அவனே டப்பாவைத் திறந்தான். உள்ள மூணு கறுப்பு. அவன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்! அதை வீடியோ எடுக்கல, அப்ப சார்ஜ் இல்ல. என் வாழ்க்கையே சார்ஜாலதான் கெட்டுது.

இங்க ஒண்ணு கவனிங்க. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்"னு ஒரு பாட்டு இருக்கு, எனக்கு ஆகவே ஆகாத பாட்டு. எதுவும் அந்தப் பக்கம் போகல. ரெண்டு பக்கமும் ஒரே காரியம் செஞ்சோம், அவ்வளவுதான். இதையும் நான் பழைய வீடியோ எதுலயாவது சொல்லியிருந்தா தயவுசெஞ்சு எழுதி அனுப்புங்க, எடுத்துடறேன்.

சரி, வீட்டுக்கணக்கு. மூணு டப்பா, கூட அஞ்சு வெள்ளை, சமம் நாலு கறுப்பு. 3x + 5 = −4. கொட்டை வெச்சு, அல்லது சோடா மூடி வெச்சாவது செஞ்சு பாத்து... மூடின்னா உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளைன்னு வெச்சுக்கங்க. அந்தப் பத்துக் கணக்குப் பையன் இருக்கானே, தம்பி, நீ முதல்ல அனுப்பு, உன் நோட்டை மட்டும் நான்... ஐயோ, மீ வந்துருச்சு! கீழ் வீட்டுல கத்தறாங்க, கேக்குதா? மோட்டார், மோட்டார்! அக்கா, பைப்பை மூடு, வாளி நிறையப் போகு