அம்மா வளையல் கழற்றிய ராத்திரி

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கும், தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

'தாய்க்கு நிறைவு தருவது வலி பொறுத்துப் பெறும் பிரசவமா, வலி தெரியாமல் பெறும் பிரசவமா' என்பது தலைப்பு. வலி பொறுத்துப் பெறுவதே என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இரண்டையுமே ஊரில் சுகப்பிரசவம் என்றுதான் சொல்வார்கள். முதலாவதில் சுகம் எதுவும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டார்: "ஒரு பல் பிடுங்கவே மரத்துப்போக ஊசி போடுகிறோம், பெண் மட்டும் ஏன் கதறிக் கதறிப் பெற வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஆனால் நடுவர் அவர்களே, பல்வலி விடாமல் வலிக்கும். இடுப்புவலி அப்படி இல்லை. அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். கடுமையான கட்டத்தில்கூட ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான். அப்புறம் விட்டுவிடும். அந்த இடைவெளியில் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன், மூத்தவன் சாப்பிட்டானா என்று விசாரித்திருக்கிறேன், கண் அசந்தும் இருக்கிறேன்.

அந்த வலிக்கு ஒரு வேலையும் இருக்கிறது. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த அழுத்த, செய்தி மூளைக்குப் போகிறது. மூளை ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கர்ப்பப்பை இன்னும் இறுகுகிறது, தலை இன்னும் இறங்குகிறது. கூடவே எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணியையும் உடம்பே சுரந்துகொள்கிறது. ஆனால் தாய் பயந்துபோனால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும்; அது ஏறினால் இந்த ஓட்டம் தடைபடும். கன்று ஈனும் பசுவைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள் என்று கிராமத்தில் பிள்ளைகளை விரட்டுவார்களே, அதற்குள் இருக்கும் அறிவு இதுதான்.

என் முதல் பிரசவத்தில் அந்த அக்கறை எனக்குக் கிடைக்கவில்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். போனதும் வலி வருவதற்கான மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். அம்மா வெளியே, கணவர் வெளியே. அலையாக வர வேண்டிய வலி, மூச்சு வாங்கக்கூட நேரம் தராமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கத்தினால் "சத்தம் போடாதே" என்று அதட்டல். மேலே மின்விசிறியின் ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்று யாராவது எபிடியூரல், அதாவது முதுகில் போட்டு இடுப்புவலியை மரக்கவைக்கும் ஊசி, வேண்டுமா என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். எதிரணிச் சகோதரிகளில் சிலரும் அப்படி ஒரு அறையிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது.

என்னை அன்று வதைத்தது எது என்பது ஐந்து வருடம் கழித்து மகள் பிறந்தபோதுதான் புரிந்தது. வேறு மருத்துவமனை. அம்மாவை உள்ளே விட்டார்கள். கதவருகே நின்று அம்மா தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ இறுக்கிப் பிடிக்கும்போது உடைஞ்சா உன் கையைக் கிழிச்சிடும்" என்றாள்.

நடந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வலிக்கும் அம்மா என் இடுப்பெலும்பை உள்ளங்கையால் அழுத்திக்கொடுத்தாள். நர்ஸக்கா அவ்வப்போது வந்து குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, "நல்லா இறங்குதும்மா, அவசரமே இல்ல" என்பார். கடைசியில், இனி என்னால் ஆகாது, வயிற்றைக் கீறி எடுத்துவிடுங்கள் என்று அழுதேன். நர்ஸக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்படிச் சொன்னா பிள்ளை வாசலுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றார். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். குனிந்து அவள் தலையை நானே தொட்டேன். ஈரமான சோளப்பட்டு மாதிரி முடி. துடைத்து என் மார்பில் போட்டார்கள். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கிய பிறகுதான் நறுக்கினார்கள். அந்த நிமிடம் என் உடம்பில் மரத்துப்போன இடம் என்று எதுவும் இல்லை. அத்தனையும் எனக்குத் தெரிந்தது, நடுவர் அவர்களே. நான் நிறைவு என்று சொல்வது அதைத்தான்.

ரத்தப்போக்கைத் தடுக்கத் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயற்கை என்ற பெயரில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதற்கும் எங்கள் அணிக்கும் சம்பந்தமில்லை. 2018-இல் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ஓர் இளம் தாய் உயிரைவிட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்று பயமுறுத்துவதும் தவறு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. முக்கும் நேரம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், சிலருக்குக் காய்ச்சல் வரலாம். கேட்கும் தாய்க்கு அதைக் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை சொல்கிறது. அதே பரிந்துரைதான், தாய் விரும்பும் துணை ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவளை நடமாட விட வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவது காசு கொடுத்தால் கிடைக்கிறது. இரண்டாவது காசே இல்லாமல் கொடுக்கக் கூடியது. பல இடங்களில் இன்னும் கொடுப்பதில்லை.

பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு, 26 ஆய்வுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. பக்கத்தில் ஆள் இடைவிடாமல் இருந்த பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது, வலிமருந்து கேட்பது குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. நம் தமிழ்நாட்டிலோ 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. உயிர் காத்த கத்தியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இத்தனை பேருக்கும் அது தேவைப்பட்டதா என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். ரத்னாவதி என்ற பெண்ணுக்கு நிறைமாதம். பிரசவம் பார்க்க வந்த அவளுடைய தாய், காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவனே அந்தத் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வலியே இல்லாமல் பிள்ளையைக் கையில் கொடுக்க ஈசனால் முடியாதா? கதை சொன்ன நம் பாட்டிமார்கள் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அம்மாவாக வந்து பக்கத்தில் இரு என்றுதான் கேட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். முந்தானையில் முடிந்த வளையல்களை என் அம்மா மூன்று நாள் கழித்துத்தான் போட்டாள். மணிக்கட்டு அவ்வளவு வீங்கியிருந்தது. மகளுக்கு இப்போது ஏழு வயது. பாட்டியின் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே கேட்பாள்: "நான் பொறந்தப்ப இங்கதான வலிச்சது, பாட்டி?"

நன்றி, வணக்கம்.