இல்லாத ஒருத்திக்காக அழுவது

(சிங்கப்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கோப்பிக் கடையில் உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்து தம் தங்கை பட்ட பாட்டைச் சொல்கிறார். கேட்கக் கேட்க உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எனக்குத் தங்கையே கிடையாது, சும்மா சொன்னேன்" என்கிறார். அந்த நொடியே துக்கம் போய் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலின் ரேட்ஃபோர்ட் என்ற தத்துவ அறிஞர் 1975இல் எழுதிய கட்டுரையில் வரும் உதாரணம் இது. கோப்பிக் கடை மட்டும் நான் சேர்த்தது. தங்கை இல்லை என்று தெரிந்ததும் வற்றிப்போகிற கண்ணீர், டால்ஸ்டாய் நாவலின் நாயகி அன்னா கரேனினா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்று முதல் பக்கத்திலிருந்தே தெரிந்திருந்தும் எப்படி வருகிறது என்று கேட்டார் அவர்.

ஒருவருக்காக இரங்க வேண்டுமென்றால் அவர் இருக்கிறார், அல்லது இருந்தார் என்று நம்ப வேண்டும். கதைமாந்தரை நாம் அப்படி நம்புவதில்லை. ஆனாலும் இரங்குகிறோம். தனித்தனியே மூன்றும் சரியாகத்தான் படுகின்றன. சேர்த்து வைத்தால் ஏதோ ஒன்று பொய்யாக வேண்டும். ரேட்ஃபோர்ட் மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் மனிதர்கள் அறிவுக்குப் பொருந்தாமல் நடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

கெண்டல் வால்டன் என்ற அமெரிக்கர் 1978இல் மூன்றாவதில் கை வைத்தார். அவர் கட்டுரையில் சார்ல்ஸ் என்று ஒருவர் படம் பார்க்கிறார். திரையில் பச்சைக் கூழ் ஒன்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டு வந்து, கடைசியில் பார்ப்பவர் பக்கமே திரும்புகிறது. சார்ல்ஸ் அலறி நாற்காலியை இறுகப் பிடிக்கிறார். நிஜமாகவே பயந்திருந்தால் எழுந்து ஓடவோ போலீசைக் கூப்பிடவோ தோன்றியிருக்க வேண்டாமா என்கிறார் வால்டன். ஆகவே அது அச்சம் போன்ற ஒன்றுதான், பாவனை விளையாட்டுக்குள் நேர்வது.

இந்த இடத்தில் நமக்குக் குலசேகர ஆழ்வார் நினைவுக்கு வர வேண்டும். கரனுடைய பதினாலாயிரம் அரக்கரை இராமன் தனியாக எதிர்த்து நின்றான் என்று கதை கேட்டதும், படையைத் திரட்டிப் புறப்படச் சொன்னார் என்பது வைணவ மரபுக் கதை. வால்டன் வைத்த பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் அவர்தான். (சிரிப்பு) ஆனால் ஆழ்வாருக்கு அது புனைவே இல்லை. நம்பினார், எழுந்தார். நமக்கு விளக்கம் வேண்டியது, எதிரே உட்கார்ந்து கண் கலங்கியும் வாளைத் தேடாதவர்களைப் பற்றி. எதுவும் செய்யவில்லை என்பதற்காக அவர்கள் கண்ணீரைப் போலி என்று தள்ளிவிடலாமா? ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம்-பர்மா ரயில்பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாத தாத்தாவை நினைத்து இன்று அழுகிற பேரன், எழுந்து எங்கே ஓடுவான்?

பீட்டர் லமார்க், நோயல் கரோல் போன்ற தத்துவ அறிஞர்கள் முதல் கூற்றையே மறுத்தார்கள். நம்ப வேண்டியதில்லை, எண்ணம் துலக்கமாக மனத்தில் நின்றால் போதும் என்றார்கள். டக்ஸ்டனில் பினக்கிள் கட்டடத்தின் 50ஆம் மாடிப் பாலத்திலிருந்து கீழே பாருங்கள். தடுப்பு இருக்கிறது, விழமாட்டோம் என்று தெரியும். விழுவதாக ஒரு நினைப்பு வந்ததுமே அடிவயிறு கலங்குகிறது, நிஜமாகவே.

நானும் இவர்கள் கட்சிதான். ஆனால் நினைப்பு மட்டும் போதுமென்றால் கோப்பிக் கடையில் கண்ணீர் ஏன் நின்றது? இதற்கு நம் உரையாசிரியர்களிடம் ஒரு துப்பு கிடைக்கிறது. நகை, அழுகை, இளிவரல் என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, தொல்காப்பியம் சொல்லும். அந்த இயலுக்கு உரை எழுதிய இளம்பூரணர், இன்று நம் கையில் இல்லாத செயிற்றியம் என்ற நாடக நூலிலிருந்து, "உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்" மெய்ப்பாடு என்று எடுத்துக் காட்டுகிறார். நடத்துகிறவன் செய்தது பார்க்கிறவரைச் சென்று சேர்கிறது. அவர் நம்பினாரா என்ற கேள்வியே இதில் எழவில்லை, கவனித்தீர்களா? ஒருவன் செய்கிறான், இன்னொருவர் பார்க்கிறார், அது அரங்கு என்று இருவருக்கும் தெரியும். கோப்பிக் கடையில் உடைந்தது இந்த உடன்பாடு. அந்த மனிதர் "ஒரு கதை சொல்கிறேன்" என்று ஆரம்பித்திருந்தால், இல்லாத தங்கைக்காகக் கடைசிவரை அழுதுவிட்டுக் கோப்பிக்கும் நாமே காசு கொடுத்திருப்போம்.

இந்த எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் பாரதக் கதையின் கட்டங்கள் சடங்குகளாக நடக்கின்றன. அங்கே நிற்பவரிடம் போய், "நம்பிக்கையா, பாவனையா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

தத்துவ அறிஞர் ரூசோவின் புகார் வேறு மாதிரி. நாடகத்துக்குக் கண்ணீர் விட்டதோடு மனிதக் கடமையைச் செலுத்திவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம் என்று 1758இல் எழுதினார். இது சுடுகிறது. தொடர் நாடகத்தில் மருமகள் அழும்போது டிஷ்யூ பேப்பரைத் தேடுகிற வீட்டில், அதை எடுத்துக் கொடுக்கிற பணிப்பெண் தன் பிள்ளையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டிருப்போமா? கேட்டால் விடுப்பு கொடுக்க வேண்டும், விமான டிக்கெட் எடுக்க வேண்டும். அன்னாவுக்கு நாம் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. மனம் அங்கே தாராளமாகத் திறந்துகொள்வதில் என்ன அதிசயம்? அந்த உணர்ச்சியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் கதை படிப்பவர்கள் இரக்கமுள்ளவர்கள் என்று மேடைதோறும் சொல்கிறோமே, அதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

வால்டனுக்கு ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இருந்தும் பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டுகிற இடத்தில் "காட்டாதே" என்று மனம் பதறுகிறது. எண்ணமே போதும் என்றால், முடிவு தெரிந்த எண்ணத்தில் இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு முறையும் விளையாட்டு புதிதாகத் தொடங்குகிறது, அதற்குள் கோவலன் இன்னும் சாகவில்லை என்பார் வால்டன். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் கையைத் தூக்குங்கள், மைக் பின்வரிசைக்கும் வரும்.