நெரிசலுக்கு இன்னொரு மேம்பாலமா, ஒரு பஸ் லேனா?

[திரையில்: காலை 9 மணி. ஒரு சிக்னல். பச்சை விழுகிறது. மூலையில் விநாடிகள் ஓடுகின்றன.]

இந்த சிக்னல்ல பச்சை 30 விநாடி எரியும். ஒரு லேன்ல நிக்கிற கார்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்பினா, சராசரியா 2 விநாடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். ஆக, 15 கார். காலையில வேலைக்குப் போற கார்ல பெரும்பாலும் ஒருத்தர்தான் இருப்பார். தாராளமா கணக்குப் போட்டாலும் 20 பேர் போயிருப்பாங்க.

பதினாறாவதா நின்னது ஒரு பஸ். உள்ளே 60 பேர். அது கோட்டுக்கிட்ட வர்றதுக்குள்ள சிவப்பு விழுந்துடுச்சு.

20 பேர் போயாச்சு, 60 பேர் நிக்கிறாங்க. நெரிசல்னு சொன்னாலே எனக்குக் கண்ணு முன்னாடி வர்றது இந்தக் காட்சிதான். எத்தனை வண்டி போச்சுன்னு எண்ணுறோம். எத்தனை ஆள் போனாங்கன்னு யாரும் எண்ணுறதில்ல.

[திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி. அகன்ற நெடுஞ்சாலை முழுக்க வண்டிகள்.]

இது ஹூஸ்டன். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல, கண்ணுக்கெட்டின தூரம் பரந்து கிடக்கிற நகரம். இங்கே கேட்டி ஃப்ரீவேங்கிற நெடுஞ்சாலையை அகலப்படுத்துற வேலை 2008-ல முடிஞ்சது. பக்கச் சாலைகளையும் சேர்த்தா சில இடங்கள்ல 26 லேன். முதல்ல நல்லாத்தான் ஓடிச்சு. சில வருஷத்துலயே பீக் அவர்ல ஆகுற பயண நேரம் மறுபடியும் ஏறிடுச்சு.

காரணம் சுலபமாப் புரியும். கூட்டத்துக்குப் பயந்து 6 மணிக்கே கிளம்பினவர், ரோடு காலியா இருக்குன்னு தெரிஞ்சதும் 8 மணிக்கு மாறுவார். சுத்து வழியில போனவர் இந்த வழிக்கு வருவார். பஸ்ல போனவர் காரை எடுப்பார். இதெல்லாம் சில மாசத்துல நடக்கும். மெதுவா நடக்கிறதுதான் பெரிய பாதிப்பு. 40 கிலோமீட்டர் தள்ளி வீடு வாங்கினாலும் சீக்கிரம் வந்து சேரலாம்னு ஜனங்க தள்ளிப் போவாங்க. நகரம் இன்னும் விரியும், ஒவ்வொருத்தரும் ஓட்டுற தூரம் கூடும். ஆந்தனி டவுன்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர், இப்படிப்பட்ட சாலைகள் பீக் அவர்ல மறுபடி நிரம்பிடும்னு 1962-லேயே எழுதினார். 2011-ல டுரான்டன், டர்னர்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. நெடுஞ்சாலை எத்தனை சதவீதம் கூடுதோ, ஏறக்குறைய அதே சதவீதம் வண்டி ஓட்டமும் கூடுதுன்னு தெரிஞ்சது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுற கதைதான்.

அப்போ காரையெல்லாம் ஒழிச்சாத்தான் தீருமா? இல்ல. இதைக் கொஞ்சம் கவனமாப் பாருங்க.

[திரையில்: வட்டப் பாதையில் 22 கார்கள். சீராக ஓடத் தொடங்குகின்றன.]

ஜப்பான்ல நடந்த சோதனை இது, 2008-ல வெளியாச்சு. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டம், 22 கார். சிக்னல் இல்ல, குறுக்கே வர்றவங்க இல்ல. எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டணும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சரியாப் போகுது. யாரோ ஒருத்தர் லேசா வேகத்தைக் குறைக்கிறார். பின்னாடி வர்றவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலா பிரேக் அடிக்கிறார். அவருக்குப் பின்னாடி இருக்கிறவர் இன்னும் கூடுதலா. கடைசியில ஒரு கார் அப்படியே நின்னுடுது. அந்த நிறுத்தம் ஒரு அலை மாதிரி பின்னோக்கிப் போயிட்டே இருக்கு.

விபத்து இல்ல, பள்ளம் இல்ல, ஆனா நெரிசல் வந்துடுச்சு. வண்டிகளோட அடர்த்தி ஒரு அளவைத் தாண்டினா இப்படித்தான் ஆகும். அந்த அளவுக்குக் கீழே இருந்தா தானாவே கலைஞ்சுடும். பள்ளிக்கூட லீவு நாள்ல ரோடு எவ்வளவு லேசா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பாதி வண்டியா காணாமப் போச்சு? கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கும். கொஞ்சம் பேருக்கு நல்ல மாற்று கிடைச்சாலே மீதி எல்லாருக்கும் வழி பிறக்கும்.

அந்த மாற்று என்ன? மெட்ரோ ரயில்னு உடனே சொல்லத் தோணும். நல்லதுதான், ஆனா கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும், விரிஞ்ச நகரத்தோட எல்லா மூலைக்கும் போகாது. பஸ் போகும்.

மறுபடி ஹூஸ்டனுக்கே வருவோம். அதே ஊர்ல 2015 ஆகஸ்ட்ல பஸ் வழித்தடங்களை மொத்தமா ஒரே நாள்ல மாத்தினாங்க. புது ரோடு போடல, செலவும் பெருசா கூடல. எல்லாத் தடமும் நகர மையத்தை நோக்கியே போயிட்டு இருந்ததை மாத்தி, குறுக்கும் நெடுக்குமா வலை மாதிரி பின்னினாங்க. முக்கியத் தடங்கள்ல 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ், வார இறுதியிலயும். இதனால ஹூஸ்டன்ல நெரிசல் மறைஞ்சுடல. ஆனா அடிக்கடி பஸ் வர்ற தடத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க எண்ணிக்கை சுமார் ரெண்டு மடங்கு ஆச்சு.

[திரையில்: பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண். கடிகாரம்.]

பஸ்சுக்குள்ள சீட் எப்படி, ஏசி இருக்கான்னு நிறையப் பேசுறோம். என்னைக் கேட்டா, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்ங்கிறதுதான் எல்லாத்துக்கும் மேல. அரை மணிக்கு ஒரு பஸ்னா சராசரியா 15 நிமிஷம் நிக்கணும். வழியில ஒரு பஸ் மாறினா இன்னொரு 15. கார் வாங்க வசதி இருக்கிற யாரும் இதைப் பொறுத்துக்க மாட்டாங்க. 8 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா, மாறினாலும் மொத்தம் 8 நிமிஷம்தான் காத்திருப்பு. டைம்டேபிளையே பார்க்க வேண்டாம்.

அப்படி வர்ற பஸ் பதினாறாவது வண்டியா நின்னா பிரயோஜனம் இல்ல. அதுக்குத் தனி லேன் வேணும். பிரேசில்ல குரிடிபா 1974-லேயே இதை ஆரம்பிச்சது. கொலம்பியாவோட பொகோடா 2000-ல பெரிய அளவுல செஞ்சது. பொகோடாவுல பஸ்கள்ல கூட்டம் பிதுங்குதுன்னு ஜனங்க கோபப்படுறாங்க, அது நியாயமான கோபம். லேன் போட்டதோட வேலை முடியாது, பஸ்சும் கூடிட்டே போகணும். இன்னொண்ணு, பஸ் லேன்ல 'ரெண்டே நிமிஷம்'னு ஒரே ஒரு கார் நின்னாப் போதும், அந்த லேன் செத்துடும். கேமராவும் அபராதமும் இல்லாத பஸ் லேன் வெறும் பெயின்ட்தான்.

அடுத்தது, ஜனங்களுக்குக் கசப்பானது. நெரிசல் கட்டணம், அதாவது நகரத்தோட நெரிசலான பகுதிக்குள்ள வண்டி ஓட்டிட்டு வர்றதுக்குக் காசு. சிங்கப்பூர் 1975-லயும், லண்டன் 2003-லயும், நியூயார்க் 2025 ஜனவரியிலயும் கொண்டுவந்தாங்க. பணக்காரங்க கட்டிட்டுப் போயிடுவாங்க, மத்தவங்க என்ன செய்யுறதுன்னு ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் அதுக்கு வெச்ச வரிசை எனக்குப் பிடிச்சது. முதல்ல 2005 ஆகஸ்ட்ல கூடுதல் பஸ் விட்டாங்க. அப்புறம் 2006 ஜனவரியிலேர்ந்து ஜூலை வரைக்கும் சோதனையா கட்டணம். கட்டணப் பகுதியோட எல்லையைத் தாண்டுற வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைஞ்சது. சோதனை முடிஞ்சதும் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்துடுச்சு. வித்தியாசத்தை ஜனங்க கண்ணாலயே பார்த்துட்டு, செப்டம்பர்ல ஓட்டுப் போட்டாங்க. முதல்ல எதிர்த்த நகரம், கட்டணம் வேணும்னு சொன்னது. 2007 ஆகஸ்ட்ல நிரந்தரமாச்சு.

வீடு, வேலை, பள்ளிக்கூடம் பக்கத்துல பக்கத்துல அமையறது இன்னும் நீண்ட வேலை. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு 1947-ல போட்ட திட்டத்துல, விரல்கள் மாதிரி ரயில் பாதைகளை ஒட்டியே நகரம் வளரணும்னு வரைஞ்சாங்க. ஏற்கெனவே விரிஞ்ச நகரத்தை அப்படி மாத்த ஒரு தலைமுறை ஆகும்.

பஸ் லேனுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். அதிகமா பஸ் போற ஒரு ரோட்டுல, காலையில 3 மணி நேரம், சாயங்காலம் 3 மணி நேரம், ஒரே ஒரு லேன். ஆறு மாசம் சோதனையா விடட்டும். லேன் போடுறதுக்கு முந்தின வாரமும், ஆறாவது மாசமும் அதே ஜங்ஷன்ல நின்னு, அந்த ரோட்டைத் தாண்டின ஆட்களை எண்ணட்டும்.

[திரையில்: அதே சிக்னல். பஸ் மட்டும் தனி லேனில் முன்னால் நிற்கிறது. பச்சை விழுகிறது.]