தேள்கொடுக்கு வைத்த பேச்சு

நேயர்களுக்கு வணக்கம். படக்கதை என்றதும் கோடை விடுமுறையில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அச்சாகாமல் கிடந்த அம்பேத்கரின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படக்கதை என்ன செய்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

1901. சிறுவன் பீமராவுக்கு ஒன்பது வயது இருக்கும். கோரேகாவ் ஊரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க, அண்ணன், அக்கா பிள்ளைகள் இருவர் என நாலு பேராகப் புதுத்துணி உடுத்தி ரயிலேறுகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. தீண்டாமைக்கு ஆளான மகார் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறார். ஆனால் மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவாராம். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. கவனியுங்கள், சாப்பாடு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சுங்கச்சாவடியில் கேட்டால், மலைமேல் போய் எடுத்துக்கொள் என்கிறார்கள். பிள்ளைகள் சாப்பிடாமலே படுத்தார்கள்.

இதை அம்பேத்கர் பின்னாளில் தன் கைப்பட எழுதிவைத்தார். அது சிறுநூலாக வந்தது 1990-ல், அவர் மறைந்து 34 ஆண்டுகள் கழித்து.

2011-ல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா' என்ற படக்கதையில் இந்தப் பயணத்தை வரைந்தவர்கள் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். மனிதர்களைக் கட்டம் கட்டி அடைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம் அந்தப் பேச்சுக்குமிழ்கள்! பரிவான சொல்லுக்குப் பறவை வடிவம். கொட்டுகிற சொல்லுக்கு வாலில் தேள்கொடுக்கு. ஒரு கிராமத்து நூலகத்தில் பிள்ளைகளிடம் இதை விரித்துக் காட்டினேன். ஒரு சிறுமி எழுத்தைப் படிக்கவே இல்லை. கொடுக்கின் மேல் விரலை வைத்து, "இவரு தண்ணி தர மாட்டாரு" என்றாள். தண்ணீர் தர மாட்டார்! காகிதத்தில் இருந்ததை அவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டாள்.

புத்தகத்தின் கதை ஒரு பஸ் ஸ்டாப்பில் தொடங்குகிறது. இட ஒதுக்கீட்டைக் குறைசொல்லும் ஒருவருக்கு இன்னொருவர் இதையெல்லாம் சொல்கிறார். நடுநடுவே நம் காலத்துப் பத்திரிகைச் செய்திகள், மகாராஷ்டிரத்தில் ஒரு தலித் குடும்பம் கொல்லப்பட்ட 2006 கயர்லாஞ்சி உட்பட. இன்று வரைந்தால், தலித் மக்களின் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட 2022 டிசம்பரின் வேங்கைவயலும் அதில் இருக்கும். அதுவும் குடிநீர்தான்.

ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பி, 1973-ல் அதைப் படக்கதையாக வரையத் தொடங்கிய ஜப்பானிய ஓவியர் நகசாவாவைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, நேரம் முடிகிறது. ஒன்றே ஒன்று: அவரைக் காப்பாற்றியது ஒரு பள்ளிச் சுவர். அந்தச் சுவரையும் வரைந்துவைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.